பிள்ளை இல்லாதவர்கள் பட்டியல்

ஜனவரி 18, ஞாயிறு. கோபிசெட்டிபாளையம்

தரணி பேசினான். காலை 8.10. மூன்று நிமிடம். டொராண்டோவில் முழங்கால் அளவுக்குப் பனியாம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

அவரிடம் போய்ச் சொன்னேன். பேப்பரை மடக்காமலே "ம்" என்றார். பெற்ற ஒரே பிள்ளை அவ்வளவு தூரத்திலிருந்து விசாரிக்கிறான், அதற்கு ஒரு "ம்". இந்த மனிதரோடு முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

பேப்பரை மடித்த பிறகு வேறொரு விஷயம் சொன்னார். திருமூர்த்தி என்று ஒரு டூர் மேனேஜர், ஈரோட்டிலிருந்து காசிக்கும் கயாவுக்கும் ஆள் கூட்டிக்கொண்டு போகிறாராம். இரண்டு பேருக்கும் பேர் கொடுத்துவிட்டாராம். "அப்பனுக்குக் கயாவுல ஒரு பிண்டம் வெச்சரோணும்" என்றார். மாமனார் போய் நான்கு வருடம் ஆகிறது. பக்கத்தில் இருக்கிற பாரியூர்க் கோயிலுக்குக் கூப்பிட்டாலே கூட்டம் என்று முகத்தைச் சுளிக்கிறவர், இரண்டு நாள் ரயிலில் போகத் தயாராகிவிட்டார். நல்லது என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

தரணி பேசினான். 8.05. ஆறு நிமிடம். கயா போகிறோம் என்றதும் சந்தோஷப்பட்டான். குளிருக்குக் கம்பளி எடுத்துக்கொள்ளச் சொன்னான். அப்பாவிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டேன், வேலை இருக்கிறது, அடுத்த வாரம் பேசுகிறேன் என்றான்.

இவரிடம் சொன்னேன். "கம்பளி எடுத்துக்க" என்றார், அவ்வளவுதான்.

அப்பாவும் மகனும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. மாமனார் இறந்தபோது தரணியால் வர முடியவில்லை. போனில் இரண்டு பேரும் கொஞ்சம் தடித்த வார்த்தை பேசிவிட்டார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். காலம் போனால் சரியாகிவிடும். நடுவில் நான் இருக்கிறேனே.

மேனேஜர் திருமூர்த்தி போன் செய்தார். பட்டியலுக்கு ஏதோ விவரம் வேண்டுமாம். இவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், கேட்டையும் சாத்திக்கொண்டு பேசினார். டூர்க்காரரிடம் என்ன ரகசியமோ.

பருப்புப்பொடி அரைத்தேன். சமையல்காரர் கூடவே வருகிறார் என்றாலும் கையில் ஒரு பொடி இருப்பது தைரியம்.

ஜனவரி 31, சனி

ரயில் ஏறினோம். இருபத்தாறு பேர். இவருக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்தது, எனக்கு நடு.

பிப்ரவரி 1, ஞாயிறு. ரயிலில்

தரணி பேசினான். 8.20. மூன்று நிமிடம். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, கதவுப் பக்கம் போய் நின்று பேசிவிட்டு வந்தேன்.

எதிர் இருக்கையில் அந்தியூர் அம்மா ஒருவர், தங்கமணி என்று பேர். கணவர் இல்லை, குழந்தையும் பிறக்கவில்லை. "உங்க பையன் வாரா வாரம் பேசறானுங்களா? குடுத்து வெச்சவங்க நீங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்கு இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பக்கம் வெறும் கடுகு வயல்தான்.

பிப்ரவரி 3, செவ்வாய். காசி

கங்கையில் முழுக்கு. உடம்பே மரத்துவிட்டது. இவர் மூன்று முறை முங்கினார், நான் இரண்டோடு கரையேறிவிட்டேன். விசுவநாதரைப் பார்த்தது கண்மூடித் திறப்பதற்குள். இடுப்பு வலி. இரவே பஸ், விடிந்தால் கயா.

பிப்ரவரி 4, புதன். புத்தகயா, விடுதி அறை

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். மணி ஆறரை. இவர் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கிறார். நான் போகவில்லை.

காலையில் பல்குனி ஆற்றங்கரை. கயாவில் சடங்கு செய்து வைப்பவர்களைப் பண்டா என்கிறார்கள். எங்களுக்கு வந்தவர் தமிழ் பேசினார். நாற்பது வருடமாகத் தமிழ்நாட்டு ஆட்களுக்குச் செய்து வைத்துப் பழகிய தமிழ். "அப்பா பேர் சொல்லு, தாத்தா பேர் சொல்லு, நல்லா சத்தமா சொல்லு" என்று விரட்டினார். இவர் சொன்னார். பெருமாள் பாதம் பதிந்த பாறைமேல், வெள்ளிக் கட்டுக்குள்ளே, மாமனாருக்கு மாவுருண்டை வைத்தோம். சுற்றிலும் நூறு குடும்பம், நூறு பேர்கள். எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது.

பிறகு ஆலமரத்தடி. கயாவுக்கு வந்தவர்கள் ஒரு காயும் ஒரு பழமும் விட்டுவிட வேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது. மேனேஜர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, "பிடிக்காததா பாத்து விட்டுருங்க, ஆரும் கேக்கமாட்டாங்க" என்றார். பாதிப் பேர் பாகற்காயை விட்டார்கள். நான் சுரைக்காயை விட்டேன், எனக்கு அதைப் பார்த்தாலே ஆகாது. இவர் மாம்பழத்தை விட்டார். மாம்பழம்! சித்திரை மாதம் சோறே வேண்டாம், மாம்பழம் போதும் என்கிற ஆள். "ஏனுங்க, பைத்தியமா உங்களுக்கு?" என்றேன். "விடறதுன்னா விடறதுதான்" என்றார்.

எல்லோரும் எழுந்தபோது பண்டா ஒரு தாளை எடுத்து விரல் வைத்துப் படித்தார். "நாளைக்குக் காலை ஏழு மணி. ஜனார்தன் மந்திர், மலை மேலே. தன் பிண்டம். ரெண்டு பேர். தங்கமணி. அப்புறம் நாச்சிமுத்து."

நாச்சிமுத்து என்றால் இவர்.

"தன் பிண்டம்னா என்னங்க சாமி?" என்று கேட்டேன்.

"புள்ளை இல்லாதவங்க வைக்கிறது அம்மா. செத்தா செய்ய ஆள் இல்லை. அதனாலே உயிரோட இருக்கும்போதே தனக்கு, தானே. எள்ளு போடக்கூடாது, தயிர் போடணும். பகவான் கையில் வைக்கணும். 'நான் போன பிறகு நீ எடுத்து எனக்குப் போடு'ன்னு சொல்லணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேர் மாறிப் போயிருக்கிறது என்று நினைத்தேன். "எங்களுக்குப் பையன் இருக்கானுங்க. கனடாவுல. போன ஞாயித்துக்கிழமைகூடப் பேசினான்" என்றேன்.

பண்டா இவரைப் பார்த்தார். "இருக்கானா? இருந்தா வைக்கக்கூடாதே."

இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்லைன்னு எழுதிக்குங்க" என்றார்.

பண்டா எழுதிக்கொண்டார். தங்கமணி அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இருபத்தாறு பேர் நடுவில் நான் மலடியாகி நின்றேன். பெற்றவள் உயிரோடு நிற்கிறேன், பக்கத்தில் நின்று பிள்ளை இல்லை என்று எழுதச் சொல்கிறார். அந்த இடத்திலேயே அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன், ஊர் சிரிக்குமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டை இலையோடு மூடிவிட்டேன்.

சாயங்காலம் புத்தர் கோயில். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். வரிசையில் என் முறை வந்தபோது கையை விட்டுப் போன் வரவில்லை. தரணி கூப்பிட்டால்? எனக்குப் பின்னால் நின்றவர் இவர்தான். "குடு வசந்தா. கூப்பிட மாட்டான்" என்றார். அதட்டவில்லை. அதனாலேயே கொடுத்தேன்.

உள்ளே இவ்வளவு ஆட்கள் இருந்தும் சத்தம் இல்லை. கோபுரம் நெட்டுக்குத்தாக வானத்துக்குப் போகிறது. வெள்ளை உடுத்திய வெளிநாட்டுக்காரர்கள் வரிசையாக நடக்கிறார்கள். சிவப்பு அங்கி போட்ட பிக்குகள் பலகை மேல் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறார்கள், எழுகிறார்கள், மறுபடி விழுகிறார்கள். எத்தனை முறை என்று ஒரு கிழப் பிக்குவிடம் மேனேஜர் கேட்டார். ஒரு லட்சமாம். இவர் "முழங்கால் என்னத்துக்கு ஆகும்" என்றார். இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

கோபுரத்துக்குப் பின்னால் அரசமரம். எல்லோரும் சுற்றிப் பார்க்கப் போனார்கள். நாங்கள் கல் தரையில் உட்கார்ந்தோம். ஒரு இலை விழுந்தால் பத்துப் பேர் ஓடுகிறார்கள். நான் அடக்கி வைத்ததையெல்லாம் அங்கேதான் கொட்டினேன், மெதுவான குரலில். புத்தர் கோயிலில் வைத்து யாரும் இப்படிச் சண்டை போட்டிருக்கமாட்டார்கள்.

"பையன் இல்லைன்னு எப்படிங்க வாய் வந்துச்சு? அவன் வாரா வாரம் பேசறான். உங்க முழங்காலைக் கேக்கறான். கம்பளி எடுத்துக்கச் சொல்றான்."

"ஞாயித்துக்கிழம ரயில்ல எத்தனை நிமிசம் பேசினான்?"

"மூணு நிமிசம்."

"அதுக்கு முந்தின வாரம்?"

"ஆறு."

"பொங்கலுக்கு?"

"ஒம்போது நிமிசம். நெம்ப நேரம் பேசினான்."

இவர் தன் முழங்காலை நீவிக்கொண்டார். அப்புறம் சொன்னார். "வசந்தா, நீ டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருவத்தெட்டு வருசம் டிரங்க் கால் போட்டவ. நானும் அதே டிபார்ட்மென்ட்ல கம்பி இழுத்தவன். மூணு நிமிசம், ஆறு நிமிசம், ஒம்போது நிமிசம். நாலுன்னு ஒரு நாள் சொன்னதில்ல, அஞ்சுன்னு சொன்னதில்ல. இன்னைக்கு எவன் மூணு நிமிசக் கணக்குல பேசறான்?"

டிரங்க் காலுக்கு மூன்று மூன்று நிமிடமாகத்தான் கணக்கு. மூன்று முடிந்ததும் நடுவில் புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சுங்க, நீட்டிக்கட்டுங்களா?" என்று கேட்போம். ஆயிரம் ஆயிரம் சீட்டு அப்படி எழுதிய கை. பொய்யைக்கூட அந்தக் கணக்கில்தான் சொல்லியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

"எப்பலர்ந்து தெரியும்?"

"மொதல் மாசத்துலயே."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"நீ சொல்றப்ப உன்ற மொகம் நல்லாருந்துது. அதைய எதுக்குக் கெடுக்கோணும்?"

அப்புறம் அவரே பேசினார். இவ்வளவு நீளமாக இவர் பேசிக் கேட்டுப் பல வருடம் ஆகிறது. மாமனார் சாவுக்கு நெய்ப்பந்தம் பிடிக்க ஒரே பேரன் தரணி. வரவில்லை. விசாவில் சிக்கல் என்றான். பந்தம் பங்காளி வீட்டுப் பையன் பிடித்தான், அன்று இரவே இவர் போனில் கத்தினார். 'பாட்டனுக்கு வராதவன் எனக்கும் வர வேண்டாம். நான் செத்தா நீ வந்து கொள்ளி வெக்காதே.' அவன் 'சரிப்பா' என்றான். அதற்கு அப்புறம் அப்பனோடு ஒரு வார்த்தை இல்லை.

"சின்னதுல இருந்து என்ற பேச்ச அவன் கேட்டதே இல்ல. கேட்டது அது ஒண்ணுதான்" என்றார். "கோவத்துல வெக்கலீம்மா இந்தப் பிண்டம். நாளைக்கு நான் போனா சொந்தக்காரனெல்லாம் அவனைப் பேசுவான். உனக்கும் அவனுக்கும் நடுவுல என்ற பொணம் கெடக்கக் கூடாது. அவரே முடிச்சுக்கிட்டுப் போயிட்டாருன்னு நீ சொல்லீரு. அவனையும் விட்டுரலாம்."

"நீங்களா ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றேன்.

"பண்ணினேன். அஞ்சாறு தடவ. எடுக்கல."

அது எனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருடம் அடுத்தவர் பேசுவதைக் காதில் வாங்காமல் வேலை பார்த்தவள், சொந்த வீட்டிலும் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

மேனேஜர் கைதட்டிக் கூப்பிட்டார். வெளியே வந்து டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கினேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

அதே நாள், 8.15

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதிவிடுகிறேன். இவர் படிக்கமாட்டார், படித்தாலும் இனி ஒன்றுமில்லை. பொய்யை நான் ஏன் இதிலும் எழுதினேன் என்றால், எழுதிவிட்டால் நடந்த மாதிரி இருக்கும். ஒரு வாரத்துக்கு அது போதும்.

தரணி கடைசியாகப் பேசியது போன ஆகஸ்ட் 17. நான் கூப்பிட்டேன். நாற்பது வினாடி. "மீட்டிங்ல இருக்கேம்மா. இனி நீங்க கூப்பிடாதீங்க, நானே கூப்பிடறேன்." அவன் கூப்பிடவில்லை. முழங்காலைப் பற்றி அவன் ஒருநாளும் கேட்கவில்லை. முழங்கால் வலி வந்ததே அவனுக்குத் தெரியாது.

இன்று கூப்பிட்டேன். 7.40, மணி அடித்தது, எடுக்கவில்லை. 7.46, எடுக்கவில்லை. அங்கே காலை ஒன்பது மணி, தூங்குகிற நேரமில்லை. 7.52, எடுக்கவில்லை.

பிறகு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சாமி, அம்மா பேசறேன். கயாவுல இருக்கறோம். அப்பா நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு, உசுரோட இருக்கறப்பவே, தனக்குத் தானே பிண்டம் வெக்கப் போறாரு. பையன் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாரு. நீ வர வேண்டாம், எதுவும் செய்ய வேண்டாம். வேண்டாம்ப்பான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லீரு. அவரு வெக்கமாட்டாரு. அது போதும் சாமி. அம்மாவுக்காகச் சொல்லு."

அழாமல்தான் பேசினேன். கடைசியில் கொஞ்சம் தடுமாறிவிட்டது. திரும்பப் பதிவு செய்யலாம் என்று பார்ப்பதற்குள் போய்விட்டது.

பிப்ரவரி 5, வியாழன். கயா ரயில் நிலையம், காத்திருப்பு அறை

காலை ஐந்து மணிக்கு எழுந்து முதலில் போனைத்தான் பார்த்தேன். கேட்டிருக்கிறான். கேட்டால் அந்த மைக் படம் நீலமாகிவிடும், திருமூர்த்தி சொல்லிக் கொடுத்திருக்கிறார். நீலமாக இருந்தது. கீழே பதில் வந்திருந்தது.

கட்டைவிரல் படம். மஞ்சள் நிறத்தில், ஒன்று.

வார்த்தை எதுவும் இல்லை. முதலில் கைதவறி விழுந்ததோ என்று நினைத்தேன். குளித்தேன், தலை துவட்டினேன், திரும்ப வந்து பார்த்தேன். அதே கட்டைவிரல். அப்பன் தனக்குத் தானே பிண்டம் வைக்கப்போகிறார் என்று கெஞ்சினேன், ஆகட்டும் என்கிறான். இதைப் பெற்றெடுக்க இரண்டு நாள் வலியில் கிடந்தேன். உடனே, அவன் சாப்பிட்டானோ என்னமோ என்றும் தோன்றியது. என்ன பிறவி நான்.

இவர் வேட்டி கட்டிக்கொண்டே, "ஏதாச்சும் வந்துதா?" என்றார். நான் பேசியதை அவர் மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறார். ஒரு வார்த்தைக்கு அவரும் இராத்திரி முழுக்கக் காத்திருந்திருக்கிறார்.

"வந்துதுங்க" என்று போனை நீட்டினேன்.

கண்ணாடி போட்டுப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "நல்லதுக்குத்தான் போட்டிருப்பான்" என்று திருப்பிக் கொடுத்தார். இந்தமுறை பொய் சொன்னது அவர்.

ஜனார்த்தனர் கோயில் மலைமேல். படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் நின்றுதான் ஏறினார். தங்கமணி அம்மா எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். சிறிய கல் கோயில். கறுப்புக் கல்லில் சாமி, ஒரு கை நம்மை நோக்கி இருக்கிறது.

முதலில் தங்கமணி அம்மா வைத்தார். அழவில்லை, வங்கியில் கையெழுத்துப் போடுகிற மாதிரி முடித்துக்கொண்டு நகர்ந்தார்.

அடுத்து இவர். மாவில் தயிர் விட்டுப் பிசைந்து, உருட்டி, பண்டா சொல்லச் சொல்லச் சொன்னார். நாச்சிமுத்து ஆகிய நான் இதை உன் கையில் கொடுக்கிறேன், நான் போன பிறகு நீ எனக்குக் கொடு. குரல் உடையவில்லை, கை ஆடவில்லை. கம்பத்தின்மேல் ஏறிக் கம்பி இழுத்த கை அது. சாமி கையில் உருண்டையை வைத்துவிட்டுக் கும்பிட்டார். பண்டா, "முடிஞ்சுது, இனி புள்ளை செய்யலைன்னாலும் குறை இல்லை" என்றார்.

எழுந்திருக்கப் போனவரை, "இருங்க" என்றேன். பண்டாவிடம், "எனக்கும் ஒண்ணு வெக்கோணுங்க" என்றேன்.

இவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "உனக்கு எதுக்கு? நான் சொன்னது எனக்கு மட்டுந்தான். உனக்கு அவன் வருவான் கண்ணு. உன்ற மேல அவனுக்கு என்ன கோவம்? அம்மாளுக்கு வராம இருப்பானா?"

"வரமாட்டானுங்க" என்றேன்.

இதை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான் முதல்முறை. சொல்லிவிட்டுப் பார்த்தால் சொல்வதற்கு வேறொன்றும் மீதி இல்லை. இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று மரத்தடியில் அவ்வளவு நிதானமாகப் பேசியவர், தனக்கு வைக்கும்போது கண் கலங்காதவர், மாவுத் தட்டின்முன் உட்கார்ந்து தோள் குலுங்க அழுதார். நான் அவன்கிட்ட எனக்குத்தானே வர வேண்டாம்னு சொன்னேன், எனக்குத்தானே சொன்னேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பண்டா பொறுமையாக நின்றார்.

"எழுதிக்குங்க சாமி. வசந்தாமணி" என்று நானே பேர் சொன்னேன்.

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கான மாவை எடுத்தார். உருட்ட வரவில்லை. அதே கையில் உருண்டை பிடிக்கப் பிடிக்க உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் தயிர் விட்டேன். அவர் கைக்கு வெளியே என் கையை வைத்து, இரண்டு பேருமாக அழுத்திப் பிடித்து ஒரு உருண்டை செய்து, சாமி கையில், அவருடையதற்குப் பக்கத்தில் வைத்தோம்.